படிவத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்தோம்

எம்.எஸ்சி. முதல் வருடம் நானும் என் தோழியும் தினமும் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போனோம். நான் ஆம்பூரில் ஏறுவேன். ஏறியதும் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு, கேட்பவர்களிடமெல்லாம் "ஆள் வருது, ஆள் வருது" என்று சொல்லி அந்த இடத்தைப் பள்ளிகொண்டா வரை காப்பாற்றுவேன். பள்ளிகொண்டாவில் அவள் ஏறுவாள். வேலூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிப் பக்கம் இருக்கும் எங்கள் கல்லூரிக்குப் போய்ச் சேர்வோம். இருவருக்கும் பாடம் புள்ளியியல்.

அவள் ஆள் குள்ளம், குரல் உயரம். சிரிப்பு வரும் செய்தியைச் சொல்லத் தொடங்கினால், செய்தி முடிவதற்குள் அவளே சிரித்துவிடுவாள். பள்ளியில் படிக்கும்போதே அவளுக்கு அப்பா இறந்துவிட்டார். அம்மா ரங்கநாதர் கோயில் வாசலில் துளசி மாலையும் பூவும் விற்றார். அண்ணன் நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தான். "எங்க அண்ணன் சொன்னான்" என்பது வராமல் அவளால் ஒரு பேச்சைப் பேசி முடிக்க முடியாது. மழை வருமா என்று கேட்டால்கூட அண்ணன் என்ன சொன்னான் என்பதில்தான் ஆரம்பிப்பாள்.

என் வீட்டில் அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தார். அப்பா வேலூரில் ஒரு மருத்துவமனையில் வார்டு உதவியாளர். இரண்டு சம்பளம் வந்தும் மேல்படிப்பு என்றால் மாதக் கடைசி இழுக்கத்தான் செய்தது. தோழி வீட்டில் நிலைமை இன்னும் கஷ்டம். முதல் பருவக் கட்டணத்தை அவள் அண்ணன் எப்படியோ கட்டிவிட்டான். அடுத்ததற்கு வழியில்லை என்பது அவள் வாயால் சொல்லாமலேயே எனக்குத் தெரிந்தது. வேலூரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுத ஆள் வேண்டும் என்ற அட்டையை, பஸ் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்ப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் துறை அலுவலகத்தில் ஒரு அறக்கட்டளையின் உதவித்தொகைப் படிவங்களை வைத்தார்கள். மேல்படிப்பு படிக்கும் பெண்களுக்குக் கட்டணம் முழுவதையும் கட்டுவார்களாம். ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு மாலைப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பிரித்தோம்.

"ஆதரவற்ற, வறுமையில் வாடும் மாணவியருக்கான கல்வி உதவி விண்ணப்பம்" என்று தலைப்பு. உள்ளே பெயர், முகவரி, மதிப்பெண், வருமானச் சான்று. அதற்கப்புறம், "விண்ணப்பதாரரின் குடும்பம் அனுபவித்துவரும் துன்பங்களை விரிவாக எழுதுக" என்று போட்டு, ஒரு முழுப் பக்கத்துக்குக் கோடு கிழித்திருந்தார்கள். கடைசியில், "தலைமைப் பண்பை நிரூபிக்கும் சான்றுகளை இணைக்கவும்."

அவள் தலைப்பைத் தாண்டிப் படிக்கவே இல்லை. படிவத்தை மடித்து என் மடியில் வைத்தாள்.

"இது எனக்கு இல்லடி."

"ஏன்?"

"ஆதரவற்றன்னு போட்டிருக்கு பாரு. எனக்கு அண்ணன் இருக்கான், அம்மா இருக்காங்க. நான் இன்னா ஆதரவு இல்லாதவளா?"

"அது சும்மா எழுதி இருப்பாங்கடி."

"அவங்க சும்மா எழுதுவாங்க, நான் அதுல நெஜமா கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா? காலைலேருந்து ராத்திரி வரைக்கும் லாரி டயர கழட்டி மாட்டறவன் அவன். எனக்கு யாருமே இல்லன்னு எழுதிட்டு அவன் மூஞ்சிய எப்படிடி பாப்பேன்?"

அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. அணியவே முடியாத அளவில் தைத்த சட்டையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து என் படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். அந்தத் துன்பப் பக்கத்தில் பேனா நகரவில்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுல இன்னா துன்பம்? சொல்லுங்க, எழுதணும்" என்றேன்.

அப்பா நிஜமாகவே யோசித்தார். "மிக்ஸி ஓடல" என்றார்.

"உங்கப்பா கொறட்டை. அத எழுது. பக்கம் பத்தாது" என்றார் அம்மா.

"பஸ்ல படியில தொங்கிக்கினே வர்றேனே, அத எழுதும்மா."

"உக்கார சீட்டு இருந்தாலும் தோஸ்துங்களோட பேசறதுக்குப் படிக்குத்தான் போவாரு. எழுதாத."

மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அம்மா கீரைக் காம்பைக் கீழே வைத்தார். "கஷ்டம் இல்லாம இல்ல. கம்பெனில ஆர்டர் கம்மியாகி எங்கள வீட்டுல உக்கார வெச்சாங்களே, அப்போ நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ஆனா அத எங்கம்மா கிட்டகூட நான் சொல்லல. முகம் தெரியாத ஆளுக்கு எழுதிக் குடுக்க எனக்கு இஷ்டமில்லம்மா. உன் மார்க்க எழுது, சம்பளச் சீட்டு வை. அது போதாதா அவங்களுக்கு?"

போதுமா போதாதா என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை கல்லூரி இல்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு வேலூருக்குப் போனேன்.

அறக்கட்டளை அலுவலகம் மார்க்கெட் பக்கம், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது. குறுகலான மாடிப்படி. மேலே ஒரே அறை. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு அக்கா உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் அங்கே எல்லா வேலைக்கும்.

"அக்கா, அண்ணன் இருக்கற பொண்ணு இதுக்கு அப்ளை பண்ணலாமா?"

"ஏம்மா, அண்ணன் இருந்தா என்ன?"

"ஆதரவற்றன்னு போட்டிருக்கே?"

அவர் படிவத்தை வாங்கி முதல் தடவை பார்ப்பவர்போல் பார்த்தார். "ஐய, அதெல்லாம் வெறும் வார்த்தைம்மா. வீட்டு வருமானம் கம்மியா இருந்தா யார் வேணும்னாலும் போடலாம். இன்னும் சொல்லப்போனா வருஷா வருஷம் ஃபார்ம் மிஞ்சிப் போவுது. பொண்ணுங்க வர்றதே இல்லன்னு சார் ஒரே பேஜார் பண்றாரு."

"வார்த்தையப் பாத்துட்டுத்தான் வரலையோ என்னவோ" என்றேன்.

மாடிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அறக்கட்டளையை நடத்துபவரே வந்துவிட்டார். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை. தோல் பதனிடும் கம்பெனிகளுக்கு ரசாயனம் விற்று முன்னுக்கு வந்தவர் என்று பிற்பாடு தெரிந்தது. அக்கா அவரிடம் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"வார்த்தையில இன்னாமா இருக்கு? பணம் குடுக்கறோம். வாங்கிக்கினு படிக்க வேண்டியதுதானே?"

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததென்று இன்றும் தெரியவில்லை. "சார், நீங்க படிக்கறப்போ இந்த ஃபார்ம் குடுத்திருந்தா ரொப்பி இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். அறக்கட்டளைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, துன்பப் பக்கத்தைத் திருப்பினார். ஒரு வரி எழுதினார். படித்தார். அடித்தார். இன்னொரு வரி தொடங்கி பாதியில் நிறுத்தினார்.

"எங்கம்மா வீடு வீடா மொளகா அரைச்சுக் குடுத்து என்னப் படிக்க வெச்சாங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. "தெருவுல எந்தக் கல்யாணம்னாலும் மொத ஆளா போய் நிப்பாங்க. அவங்க பேசனா சபையே சிரிக்கும். இந்தப் பக்கத்துல அவங்கள எழுதனா, யாரோ அழுது வடியற பொம்பள மாதிரி இல்ல இருக்கு? யாரும்மா எழுதுனது இந்த ஃபார்ம?"

அக்கா மெதுவாகச் சொன்னார்: "நீங்கதான் சார். ஆரம்பத்துல."

அவர் படிவத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கேயோ ஒரு பழைய ஃபார்ம் கெடச்சிது, பாத்து அப்படியே எழுதிட்டேன். அப்போ நான் இன்னாத்தக் கண்டேன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. நீ கேட்ட இல்ல, நீயே எழுதிக் குடு. உன் தோஸ்த் இருக்குதே, அண்ணன் இருக்கற பொண்ணு, அதையும் கூட்டு சேத்துக்கோ. கடைசித் தேதிய நான் தள்ளி வெக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் நேரே பள்ளிகொண்டாவுக்குப் போனேன். அவள் கோயில் வாசலில் அம்மாவுக்கு உதவியாகத் துளசி கட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னதும் நாரைக் கீழே போட்டுவிட்டாள்.

"அவரயே ரொப்பச் சொன்னியா? நீயா? நம்பவே முடிலடி!"

அங்கேயே, பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தோம். தலைப்பிலேயே சண்டை வந்தது. நான் "திறமையான மாணவியருக்கான உதவித்தொகை" என்று எழுதினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"இது பணம் இல்லாதவங்களுக்குத்தானே? அத ஏன் மறைக்கற? திறமைன்னு போட்டா கோல்டு மெடல் வாங்கனவதான் வருவா. தேவைன்னு சொல்லு, அதுல தப்பே இல்ல. கெஞ்ச வெக்காதன்னுதான் சொல்றேன்."

கடைசியில், "படிப்பைத் தொடரக் கட்டண உதவி தேவைப்படும் மாணவியருக்கு" என்று வைத்தோம். அவள் அம்மா மாலை வாங்க வந்தவர்களைக் கவனித்துக்கொண்டே, "நல்லாருக்கு, படிக்கறப்ப தொண்டைல சிக்கல" என்றார்.

தலைமைப் பண்பு வந்ததும் மாட்டிக்கொண்டோம். "எனக்கெல்லாம் அது கெடையாதுப்பா. கிளாஸ் லீடராகூட நான் இருந்ததில்ல" என்றாள் தோழி.

அவள் அம்மா நிமிர்ந்தார். "ஏகாதசிக்கு நாற்காலி மேல ஏறி நின்னியே, அது இன்னாடி?"

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் வரிசை கலைந்து பிள்ளைகள் நசுங்கப் பார்த்தபோது, இவள் பூக்கடை நாற்காலியில் ஏறி நின்று சத்தம் போட்டு, குழந்தை வைத்திருப்பவர்களை ஒரு பக்கமும் மற்றவர்களை இன்னொரு பக்கமும் பிரித்து அனுப்பியிருக்கிறாள். போலீஸ்காரரே இவள் சொன்ன பக்கம் நகர்ந்தாராம்.

"அது லீடர்ஷிப்பாம்மா? அது கத்தறது!"

"அதுதான்டி!" என்றேன். "மற்றவர்களுக்காக நீங்கள் பொறுப்பெடுத்துச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். வீட்டிலோ தெருவிலோ எங்கே நடந்தாலும் சரி" என்று அந்தக் கேள்வியை மாற்றினோம். சான்று இணைக்கவும் என்பதை எடுத்துவிட்டோம். நாற்காலி மேல் நின்றதற்கு யார் சான்றிதழ் தருவார்கள்?

துன்பப் பக்கம் மிச்சம் இருந்தது. அதற்கு இரண்டு மூன்று கேள்விகள் எழுதி வைத்தோம். எது நல்ல கேள்வி என்று யாரிடமாவது கேட்டுப் பார்த்துவிடலாம் என்றாள் அவள். புள்ளியியல் படிக்கிறவர்கள் அல்லவா, மாதிரி எடுக்காமல் விடுவோமா? திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஆரம்பித்தோம். முதலில் மாட்டியவர் கண்டக்டர்.

"அண்ணா, உங்க குடும்பம் படற துன்பம் இன்னா?"

"ஏன், நீ வந்து தீத்து வெக்கப் போறியா? பாஸ எடு." முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அவர் திரும்பி வரும்போது தோழி அடுத்ததைக் கேட்டாள். "அண்ணா, உங்க வீடு எப்படி ஓடுது? யார் யார் இன்னா பண்றாங்க?"

அவர் கம்பியில் சாய்ந்தார். "அதக் கேக்கறியா? நான் டூட்டிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடியே எங்க வீட்ல மாவு அரைச்சு முடிச்சிருவாங்க. எங்க தெருவுக்கே இட்லி மாவு எங்க வீட்லேருந்துதான். பெரிய பொண்ணு பாகாயத்துல நர்சிங் படிக்குது. சின்னவ இருக்காளே, மாவு பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போடறதுல அவள அடிச்சிக்க ஆள் கெடையாது. ஞாயித்துக்கெழம சமையல் என்னுது. என் மீன் கொழம்பு சாப்ட்டுப் பாத்திருக்கியா நீ?"

முன் இருக்கையில் இருந்த அம்மாள் திரும்பினார். கூடை நிறையக் கத்தரிக்காய் வைத்திருந்தார். "எங்க ஊட்ல எல்லாம் என் மருமவதான். ட்ராக்டரே ஓட்டும்" என்றார். அவர் மருமகளைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் நின்றிருந்த இளைஞர், தான் ஷூ கம்பெனியில் இருப்பதாகவும், தன் தம்பி படிப்பதற்காக மாமா தன் வீட்டில் ஒரு அறையையே காலி செய்து கொடுத்திருப்பதாகவும் ஆரம்பித்தார். கண்டக்டருக்கு அப்புறம் யாரிடமும் துன்பம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் கடன் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, மழை பெய்யாத வருடம் வந்தது. எல்லாம் பேச்சோடு பேச்சாக வந்தன, தலை குனியாமல் வந்தன. டோல்கேட் தாண்டி ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், பஸ் கிளம்பவே இல்லை. "யோவ், விசில் குடுய்யா!" என்று டிரைவர் கத்தினார். கண்டக்டர் குழம்புக்கு மாங்காய் போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கத்தரிக்காய் அம்மாள் தன் நிறுத்தத்தைத் தாண்டி வந்துவிட்டார். அதற்கும் சிரித்தார்.

"உங்கள் வீடு எப்படி நடக்கிறது? உங்கள் படிப்புக்குத் துணையாக நிற்பவர்கள் யார், அவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்பதுதான் அந்தப் பக்கத்துக்கான கேள்வியாக நின்றது. அதன் கீழே, "கட்டணத்தில் எவ்வளவு வரை உங்களால் முடியும், எவ்வளவு முடியாது?" என்று நேராக ஒன்று. வருமானச் சான்று கேட்கும் வரியை அப்படியே விட்டோம்.

அறக்கட்டளைக்காரர் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்தார். புதிய படிவம் கைக்கு வந்த அன்று தோழி என்னைத் தன் அண்ணன் கடைக்கு அழைத்துப் போனாள். அவன் அப்போதுதான் ஒரு லாரிச் சக்கரத்தை மாட்டி முடித்திருந்தான். கையைத் துணியில் துடைத்துவிட்டு, கிரீஸ் பட்டுவிடக் கூடாதென்று படிவத்தை ஓரத்தில் பிடித்துப் படித்தான். துணையாக நிற்பவர் யார் என்ற இடத்தில் கண் நின்றது.

"இங்க என்னப் பத்தி எழுதணுமா?"

"ஆமாண்ணா."

"இன்னா எழுதப் போற?"

"பஞ்சர் கட வெச்சிருக்கான், என்னப் படிக்க வெக்கறான்னு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "பஞ்சர் கடன்னு போடாத. டயர் ஒர்க்ஸ், உரிமையாளர்னு போடு. போர்டுல அப்படித்தான் இருக்கு." பிறகு என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்து, "ஸ்பெல்லிங் கரெக்டா பாத்துக்கோம்மா, இவ அவசரக்குடுக்க" என்றான். கடைக்குள்ளே போய் எங்களுக்கு இரண்டு குளிர்ந்த ரோஸ் மில்க் வாங்கிவரச் சொல்லி யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டான். தோழி அடிவரை உறிஞ்சிக் குடித்துவிட்டு, படிவத்தை மடிக்காமல் பைக்குள் வைத்தாள்.

அந்த முறை படிவங்கள் மிஞ்சவில்லை. கடைசி வாரத்தில் மாடிப்படி முழுவதும் பெண்கள் நின்றார்கள், பாத்திரக் கடைக்காரர் வழி விடச் சொல்லிச் சண்டைக்கே வந்துவிட்டார் என்று அந்த அக்கா போனில் சொன்னார். "இத்தினி வருஷமா வேலூர்ல யாருக்கும் பணமே தேவையில்ல போலன்னு நெனச்சிக்கினு இருந்தாரும்மா எங்க சார்! இப்போ பணம் பத்துமான்னு ஆள் ஆளா போன் போட்டு நன்கொடை கேக்கறாரு." படிவங்களைத் தானே படிக்கிறேன் என்று அவர் வீட்டுக்கு எடுத்துப் போனாராம். சிலவற்றை மனைவிக்குப் படித்துக் காட்டினாராம்.

கார்த்திகை மழை விடாமல் பெய்த வாரத்தில் முடிவு தெரிந்தது. அந்த வருடம் பாலாற்றில் தண்ணீர் வந்திருந்தது. வெறும் மணலாகவும் முள்ளாகவும்தான் நாங்கள் அந்த ஆற்றைப் பார்த்து வளர்ந்தோம். கரை தொட்டுத் தண்ணீர் போகிறது என்றதும் ஊரே பாலத்துக்கு வந்துவிட்டது. எங்கள் டவுன் பஸ் பாலத்தின் நடுவில் நகர முடியாமல் நின்றபோது தோழியின் போன் அடித்தது. அந்த அக்காதான். ஆற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"உனக்குக் கெடச்சிருச்சும்மா! ரெண்டு வருஷத்துக்கும்! உன் தோஸ்த் பேரு வெயிட்டிங்ல இருக்கு. அவங்க வீட்ல ரெண்டு சம்பளம் வருதே, அதனால. அடுத்த பருவத்துக்கு மொதல் பேரு அவளுதுதான், சொல்லிடு!"

எனக்கு ஒரு கணம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் அதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாள். தூறலில் நின்று அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் பக்கம் காற்றடிக்கும் மெஷின் சத்தம். இவள் பக்கம் ஆறு.

"அண்ணா, கெடச்சிருச்சு! கெடச்சிருச்சுண்ணா! ஸ்காலர்ஷிப்! காலேஜுக்கு!"

பாலத்தில் நின்றிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது, அவனுக்குத்தான் கேட்கவில்லை. குழந்தையைத் தோளில் தூக்கிவைத்திருந்த ஒருவர் திரும்பி, "நல்லா படிம்மா" என்றார். அவள் அவருக்கும் ஒரு தேங்க்ஸ் சொன்னாள். கடைசியில் அவனுக்கு விஷயம் புரிந்து, "அங்கியே இரு, வர்றேன்" என்றது எனக்குக்கூடக் கேட்டது.

கடையைச் சாத்திவிட்டு, அத்தனை தூரம் மழையில் பைக்கில் வந்தான். தலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.  தங்கையின் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினான். பாலத்து முனையில் ஒருவர் தார்ப்பாய் கட்டிச் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். மூவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, செம்மண் நிறத்தில் புரண்டு போகும் தண்ணீரைப் பார்த்தபடி சாப்பிட்டோம். காரத்தில் அண்ணனுக்குக் கண்ணில் நீர் வந்தது. காரம்தான் என்று அவனே இரண்டு தடவை சொன்னான். டவுன் பஸ் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. நாங்கள் அசையவில்லை.